மூன்றாம் இடம்

தடைக்காலம் தொடங்கினால் எனக்குச் சீசன்.
விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்க
தங்கச்சிமடத்துப் பையன்கள்
மணிக்கு நாற்பது ரூபாய்க்கு
என் கடைக்குள் கடலுக்குப் போவார்கள்.

இரண்டு பெட்டி இருக்கிறது.
பழசு சாம்பல் நிறம், மணிக்குப் பத்து.
கேசட்டில் தொண்ணூற்றொன்பது லட்சம் ஆட்டம் என்று
அச்சடித்திருக்கும்.
ஒரு மழைநாளில் எண்ணிப் பார்த்தேன்: பதினான்கு.
மற்றதெல்லாம் அதே ஆட்டம், வேறு பெயர்,
ஒன்றில் தொப்பி சிவப்பு, இன்னொன்றில் பச்சை.
ஏமாற்றிவிட்டாய் என்று யாரும் சண்டைக்கு வந்ததில்லை.
அந்தப் பதினான்கையே முடித்தவர் இல்லை.

புதுசு வாங்க என் சங்கிலி போனது.
தட்டைச் செருகியதும்
தொண்ணூறு ஜிபி இறக்க வேண்டும் என்றது,
வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை
இன்னும் பத்துப் பவுன் கேட்ட மாதிரி.
மூன்று ராத்திரி. நடுவில் இரண்டு கரண்ட் கட்.

பழசுக்கு நாம்தான் மூச்சுக் கொடுக்க வேண்டும்.
உருவி, ஊதி, சொருகி,
வராவிட்டால் மறுபடி ஊதி.
புதுசு தானே மூச்சு விடுகிறது.
கச்சான் அடிக்கும் மாதங்களில்
உப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு
ராவெல்லாம் இரைகிறது.
பெயிண்ட் பிரஷ்ஷால் நெஞ்சைத் தடவிக் கொடுக்கிறேன்.

பழசில் கடல் என்பது நீலத்தில் நாலு கோடு.
புதுசில் நுரை உடைகிறது,
படகு போன தடம் பின்னால் வெளுத்துக் கிடக்கிறது,
மேகம் வந்தால் தண்ணீர் கறுக்கிறது.
வாய் பிளந்து பார்த்தோம்.
ஜெப்ரின் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.
"நீவாடே இல்லையேக்கா.
இதுல வலை போட்டா போட்ட எடத்துலயே கெடக்கும்."
சொன்னானே தவிர
எழுந்து போகவும் இல்லை.

எங்கே வேண்டுமானாலும் போகலாம்
என்று உறையில் போட்டிருக்கிறது.
ஒருநாள் போய்க்கொண்டே இருந்தான்.
தீவு மறைந்தது. பறவைச் சத்தம் நின்றது.
திரையில் சிவப்பு எழுத்து:
எல்லையைத் தாண்டுகிறீர்கள், திரும்புங்கள்.
பத்து.
ஒன்பது.
கடையில் ஒருத்தரும் பேசவில்லை.
எட்டு.
அவன் திருப்பவில்லை.
"இவனாச்சும் பத்து எண்ணுறான்" என்றான்.

திரை இருண்டது.
மறுபடி துறைமுகம், அதே படகு,
டேங்க் நிறைய டீசல்.

தடை முடிந்து போன மூன்றாவது கடலில்
ஒரு படகு, பதினோரு பேர்.
பேப்பரில் அவன் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள்.

பழசு எதையும் வைத்துக்கொள்ளாது.
சுவிட்சை அணைத்தால்
முதல் பரிசு வாங்கியவனும் போச்சு.
எத்தனை பேர் அழுதிருக்கிறார்கள், அம்மா கூப்பிடுகிற நேரத்தில்.
புதுசுக்கு மறதி இல்லை.
சேமிக்க மூன்று இடம் தந்திருக்கிறது.
மூன்றாவதில்:
ஜெப்ரின், அறுபத்து மூன்று விழுக்காடு,
ஜூன் பதின்மூன்று, இரவு பதினொன்று நாற்பது.
பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு படம்.
படகு நடுக்கடலில். நிலா கூட இருக்கிறது.

இடம் இல்லை, ஒன்றை அழிக்கவா
என்று பெட்டி கேட்கும்போதெல்லாம்
முதலிரண்டை அழிக்கிறேன்.
மண்டபத்துப் பையன் ஒருத்தன்
மூணுல நான் ஆடட்டுமா என்றான்.
பழசில் ஆடு, காசு வேண்டாம் என்றேன்.
முறைத்துக்கொண்டு போனான்.

நேற்று நெவில் வந்தான், ஜெப்ரினின் தம்பி.
புதுசைத் திரும்பிப் பார்க்கவில்லை.
கேசட்டை எடுத்து இரண்டு தடவை ஊதினான்.
தொப்பிக்காரனைத் திரையின் ஓரம் வரை நடத்திப் போய்
பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தான்.
அந்தச் சின்ன ஆள்
சுவரில் முட்டிக்கொண்டு
காலை வீசி வீசி நடந்தான், நின்ற இடத்திலேயே.

மணி ஆனதை
நான் சொல்லவில்லை.